டீச்சரைக் கேளுங்கள்: உலகம் சரிந்துவிடுமா?

கேள்வி: டீச்சர், பருவநிலை மாற்றத்தால் 2050-க்குள் கோடிக்கணக்கான மக்கள் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், நாடுகள் சரிந்துவிடும் என்று என் மகன் கைபேசியைக் காட்டிப் பயமுறுத்துகிறான். ஏற்கெனவே எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். இன்னும் வந்தால் நம் பிள்ளைகளின் கதி? — ஒரு தாய், பகாவ், மலேசியா.

பதில்: பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன் அம்மா. உலக வங்கியே 2021-இல் சொன்னதுதான்: 2050-க்குள் 21 கோடியே 60 லட்சம் பேர் வரை இடம்பெயரலாம். ஆனால் அது அவரவர் நாட்டுக்குள்ளேயே நகர்கிறவர்களின் கணக்கு. வயல் காய்ந்தவன் முதலில் பக்கத்துப் பட்டணத்துக்குத்தான் போவான். இப்போதே புகையைக் குறைத்து, ஏழை நாடுகளுக்குக் கைகொடுத்தால் அந்த எண்ணிக்கை 80 விழுக்காடு வரை குறையலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. மகனை அதையும் படிக்கச் சொல்லுங்கள்.

கடல் தாண்டி வந்த கதை நம் வீட்டிலேயே இருக்கிறது. என் பாட்டியின் அப்பா சேலத்துப் பக்கம். தாது வருஷப் பஞ்சத்தில், 1877-இல், நாகப்பட்டினத்தில் கப்பலேறி செபராங் பிறைக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார். அப்புறம்தான் கித்தா (ரப்பர்), இப்போது செம்பனை. பசிபிக் கடல் சூடேறும் எல்நினோவால் மழை பொய்த்தது உண்மை. ஆனால் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தது மழையால் மட்டுமா? பட்டினி கிடந்த நாட்டிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

முன்கூட்டியே ஆயத்தமானால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு வங்காளதேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் அங்கே 3 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். 2020-இல் அம்பான் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நாட்டில் இறந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை.

2021 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். நாடு முழுக்க 50 பேருக்கு மேல் போய்விட்டார்கள். குவாலா சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. உதவிப் படகு மறுநாள்தான் வந்தது. இரவில் இரண்டு நீலப் பீப்பாய்களைக் கட்டி என்னைத் தமிழ்ப்பள்ளிக்கு இழுத்துப்போனவர்கள், செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்துப் பையன்கள். ஒருவன் வங்காளதேசத்துக் கடலோர மாவட்டமான சாத்கிராக்காரன். 2009 ஐலா புயலில் கடல்நீர் ஏறி அவன் அப்பாவின் நெல்வயல் உப்பாகிவிட்டதாம். என் பாட்டியின் அப்பா கப்பலேறியபோது அவன் வயதுதான் இருந்திருப்பார்.

வெளியாட்களால் சம்பளம் ஏறவில்லை என்ற வருத்தம் உங்கள் தாமானிலும் இருக்கும். அது நியாயம்தான். ஆனால் அதை ஆள்பிடிக்கும் ஏஜெண்டிடமும் முதலாளியிடமும் கேட்க வேண்டும், அந்தப் பையனிடம் அல்ல. அடுத்த வெள்ளம் வருவதற்குள் நீங்கள் ஒன்று செய்யுங்கள். எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார், யாரிடம் லோரி இருக்கிறது என்று மகனைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்காரர் வீட்டுக் கதவையும் தட்டட்டும்.

கேள்வி: வெள்ளத்துக்குப் பயந்து மலைப்பக்கம் நிலம் வாங்கலாமா? — ஒரு வாசகர், காப்பார்.

பதில்: சேமிப்பு முழுவதையும் அதில் போடாதீர்கள் தம்பி. 2022 டிசம்பரில் பத்தாங் காலி மண்சரிவில் 31 பேர் இறந்தார்கள். மலைச்சரிவும் கனமழைக்குத் தாங்காது. முதலில் வீட்டு மின்பிளக்குகளைத் தலை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ்களையும் வீட்டுப் பத்திரத்தையும் தண்ணீர் புகாத பையில் போட்டு வாசல் பக்கம் மாட்டிவையுங்கள்.