சின்ன க்ராலர், சின்ன பட்ஜெட்: கேட்டவையும் சொன்னவையும்

பாறை ஏறும் சின்ன ரிமோட் வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கலாம். நான் ஓட்டுவது 1/16 அளவு டபிள்யூபிஎல் சி24. வாங்கிய விலையைத் தாண்டி அதில் செலவு செய்யக் கூடாது என்று வீட்டில் சத்தியம் செய்திருக்கிறேன். ஒரு லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சார்ஜில் இருக்கிறது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அது நிறையும் வரை பதில் சொல்கிறேன்.

கியர்கிறுக்கன்: அண்ணா, கையில் 1,000 ரூபாய்தான் இருக்கு. முதலில் எதை மாற்றணும்? மோட்டாரா?

மோட்டாரைக் கடைசியில் பார்க்கலாம் தம்பி. முதலில் டயர். கூட வரும் டயர் கட்டியாக இருக்கும், பாறையைப் பிடிக்காது. பூத்தையல் கத்திரியை எடுத்து, நடுவில் இருக்கும் கட்டைகளில் ஒன்று விட்டு ஒன்றை வெட்டுங்கள். டயர் வளைய ஆரம்பிக்கும். உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பட்டையாக நறுக்கி வையுங்கள், முன்னால் தளர்வாக, பின்னால் கொஞ்சம் இறுக்கமாக. ரிம்மில் ஒரு சின்ன ஓட்டை போட மறக்காதீர்கள். காற்று வெளியே போக வழியில்லை என்றால் டயர் பந்து மாதிரி துள்ளும்.

அடுத்தது ஸ்பிரிங் பட்டை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது விறைப்பாக இருக்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் எதிர்ச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அடுக்கிலிருந்து குட்டையான ஒரு தகட்டை எடுத்துவிடுங்கள். முனையில் கண், அதாவது மாட்டும் வளையம், உள்ள நீளத் தகட்டைத் தொடாதீர்கள். ஆசைப்பட்டு இரண்டு மூன்று எடுத்தால், ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஆக்சிலே சுருண்டு, வண்டி தவளை மாதிரி குதிக்கும். இதுவரை செலவு ஒரு ஸ்பாஞ்ச்.

மலைப்பாம்பு: மூன்று செல் லைப்போ போடலாமா சார்?

கூடாது. இரண்டு செல் நிறைந்தாலே 8.4 வோல்ட். மூன்று என்றால் 12.6. வேகம் வரும், மோட்டார் போகும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியும் கூடவே போகும். இந்த விளையாட்டில் வேகத்துக்கு வேலையே இல்லை.

இன்னொன்று, லைப்போவைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். என் சாப்பாட்டு மேஜையில் இன்னும் ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது. பத்து நிமிடம் டீ குடிக்கப் போனதற்கான விலை அது.

ஒத்தையடி: எடை ஏற்றச் சொல்கிறார்கள். எவ்வளவு, எங்கே?

டயர் கடையில் பேலன்ஸ் வெயிட் கேளுங்கள், பின்னால் ஒட்டும் பசையோடு 5 கிராம், 10 கிராம் துண்டுகளாகக் கிடைக்கும். முன் ரிம்மின் உள்பக்கம் சுற்றிலும் ஒட்டுங்கள். பின்னால் அதில் பாதி போதும். ஏற்றத்தில் பாரம் தானாகவே பின்னால் சாயும், அதனால்தான் முன்னால் அதிகம் வைக்கிறோம். ஈயமாக இருந்தால் மேலே டேப் சுற்றுங்கள், கையைக் கழுவுங்கள்.

இறகு: தப்பான யோசனை. லேசான வண்டிதான் நன்றாக ஏறும். எடை கூடினால் பிடி கூடும், சரி. கீழே இழுக்கும் விசையும் அதே அளவு கூடுமே?

கணக்கு சரி. டயரின் பிடிமானம்தான் சரிவின் எல்லையைத் தீர்மானிக்கிறது, மொத்த எடை அல்ல. ஆனால் எடை எங்கே இருக்கிறது என்பது வேறு கதை. பக்கவாட்டுச் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பாதி அகலம் 6 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரமும் 6 செ.மீ. என்றால் 45 பாகையில் கவிழும். மையத்தை ஒரே ஒரு சென்டிமீட்டர் இறக்கினால் 50 பாகை வரை நிற்கும். பலகையில் வண்டியை வைத்து ஒரு பக்கம் தூக்கி, பாகைமானியால் அளந்து பாருங்கள். ஸ்பிரிங் அமுங்குவதால் உண்மையில் சற்று முன்னாலேயே கவிழும், ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

பல்சக்கரம்: அதெல்லாம் சரி. ரிம்மில் எடை போட்ட என் வண்டியில் இரண்டே வாரத்தில் ஆக்சில் கியர் பல் போச்சு. இதற்கு என்ன கணக்கு?

இதில் நீங்கள் ஜெயித்தீர்கள். சக்கரம் பிளவில் மாட்டும்போது முன்பெல்லாம் டயர் வழுக்கிவிடும். அந்த வழுக்கல்தான் ஃபியூஸ். டயரை மென்மையாக்கி எடையும் ஏற்றினால் வழுக்காது, அந்த விசை முழுக்க பிளாஸ்டிக் பல்லுக்குப் போகும். திருப்பும்போது, சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாரான சர்வோவுக்கும் பாரம். ஆகவே எடை ஏற்றுகிறவர்கள் உலோக ஆக்சில் கியருக்குக் காசு ஒதுக்குங்கள். வண்டி மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை விடுங்கள், கையால் தூக்குங்கள். வெட்கமில்லை.

இறகு: அப்போ நான் சொன்னதுதானே சரி?

பாதி. என் வண்டியில் கீழே 60 கிராம் ஏற்றினேன், மேலே அதற்கு மேல் இறக்கினேன். கூரை கேரியர், விளக்குப் பட்டை, ஸ்டெப்னி, பொம்மை டிரைவர் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. மொத்தத்தில் வண்டி முன்பைவிட லேசு. நம் இருவருக்கும் வெற்றி, வாருங்கள் டீ குடிக்கலாம். (நான் வர முடியாது. சார்ஜ்.)

வோல்ட்வேலு: சார், 3 செல் போட்டால்…

மலைப்பாம்புக்குச் சொன்ன பதில்.

ரிட்சிகாரன்: பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் 18650 உருளை லித்தியம் செல் எடுத்துப் போட்டால் காசு மிச்சம் அல்லவா?

காசு மிச்சம், மனசு மிச்சமில்லை. இரண்டும் ஒரே வயதுச் செல்லாக இருக்காது. தொடரில் போட்டால் பலவீனமானது முதலில் வற்றிச் சாகும், வெளியே தெரியாது. புதிதாக ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். எந்த பேட்டரியானாலும் வோல்ட் இறங்கினால் கத்தும் ஒரு அலாரம் பஸ்ஸரை மாட்டி, செல்லுக்கு 3.5 வோல்ட்டில் வையுங்கள். அது கத்தினால் வீட்டுக்குக் கிளம்புங்கள். உப்பிய பேட்டரியை ஊசியால் குத்தாதீர்கள். போன மாதம் ஒருவர் ‘காத்தை எடுத்துட்டேன் சார்’ என்று பெருமையாகச் சொன்னார்.

மழைக்காலன்: ஓடையில் ஓட்டலாமா?

பிரஷ் மோட்டார் கொஞ்சம் நனைந்தால் தாங்கும். ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் தாங்காது. பலூனில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள்.

பருந்து: ட்ரோனுக்கு எந்த மோட்டார் நல்லது?

பறப்பதைப் பற்றி பறக்கிறவர்களிடம் கேளுங்கள்.

மெதுவேகம்: என் வண்டி மெதுவாகப் போகும்போது விட்டு விட்டுத் துடிக்கிறது. மோட்டார் பழுதா?

இருக்கலாம், ஆனால் முதலில் மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது இறுகினால் குற்றவாளி அங்கே இருக்கிறான். என்னுடையதில் நடு ஷாஃப்டின் இரு முனை ஜாயின்ட்டும் ஒன்றுக்கொன்று கோணலாக மாட்டப்பட்டிருந்தன. நேராக்கினேன், துடிப்பு நின்றது. ஆக்சில் மூடியின் திருகை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலும் இதேதான். அந்தத் திருகைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள்.

சூறாவளி: 3 செல்?

கூடாது.

சூறாவளி: கொஞ்ச நேரத்துக்கு மட்டும்?

சார்ஜர் பச்சை காட்டுகிறது. கழற்றப் போகிறேன்.