சவ்வின் மேல் பழி போடாதீர்கள்

ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று அளக்க, கரைப்பானில் நனைத்த நுண்துளைக் குழல் இழை வழியாக மருந்தைப் பிரித்தெடுக்கும் ஆய்வகங்கள் கேட்ட கேள்விகள் இவை. இழையின் சுவர்தான் சவ்வு: வெளியே மாதிரி, சுவரில் கரைப்பான், உள்ளே மருந்தைப் பிடிக்கும் நீர்க்கரைசல்.

*மருந்துச் செறிவு பார்க்கச் சீரமா, பிளாஸ்மாவா? (தக்கலை)*

சீரம் உறைந்த ரத்தத்தின் தெளிநீர், பிளாஸ்மா உறையவிடாத ரத்தத்தின் தெளிநீர். உங்கள் செய்முறை எதில் சரிபார்க்கப்பட்டதோ, அதுதான். ரத்த அணுக்களைப் பிரிக்க ஜெல் வைத்த குழாய் மட்டும் வேண்டாம். சில மருந்துகளை ஜெல்லே விழுங்கிவிடும்.

*ஈ.டி.டி.ஏ. (உறைவுத் தடுப்பான்) குழாயிலும் கட்டி தட்டுகிறதே? (குலசேகரம்)*

ரப்பர் பாலில் அமோனியாவை ஊற்றிக் கலக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரத்தம் எடுத்த கையோடு எட்டு, பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்காதீர்கள், சிவப்பணு உடையும்.

*காரத்தன்மையுள்ள மருந்து இழைக்குள் வரவே இல்லை. ஏன்? (நாகர்கோவில்)*

எந்த மருந்து? பிகேஏ, அதாவது மருந்தில் பாதி மின்னேற்றம் பெற்றிருக்கும் பிஹெச் (அமில-கார அளவு), எவ்வளவு? பிளாஸ்மாவின் பிஹெச் என்ன? மூன்றையும் எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். 7.4-லேயே விட்டிருப்பீர்கள். பிகேஏவுக்கு மூன்று அலகு மேலே ஏற்றுங்கள். மின்னேற்றம் இழந்த மருந்துதான் கரைப்பானுக்குள் நுழையும். இழைக்குள் 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால், மீண்டும் மின்னேற்றம் பெற்று அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

*நீரில் தயாரித்த ஸ்டாண்டர்டுகள் (அளவு தெரிந்த மருந்துக் கரைசல்கள்) அழகான நேர்கோடு தருகின்றன. மருந்து கலந்த பிளாஸ்மாவோ பாதி அளவுதான் காட்டுகிறது. சவ்வு மட்டமானதா? (மார்த்தாண்டம்)*

சவ்வு நிரபராதி. நீரில் புரதம் ஏது? 100 மில்லி பிளாஸ்மாவில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் இருக்கிறது, பாதிக்கு மேல் ஆல்புமின். வார்ஃபரினை எடுத்துக்கொண்டால் நூற்றில் 99 பங்கு ஆல்புமினின் மடியில் உட்கார்ந்திருக்கும். விடுபட்டது மட்டுமே சவ்வைக் கடக்கும். அது கடந்த பிறகுதான் அடுத்தது விடுபடும். நீரில் அரை மணியில் முடிவது இங்கே முடியாது. பிளாஸ்மாவை ஒன்றுக்கு ஒன்று நீர்த்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், ஸ்டாண்டர்டுகளை மருந்து இல்லாத வெற்றுப் பிளாஸ்மாவிலேயே தயாரியுங்கள், அதே உறைவுத் தடுப்பான் போட்ட பிளாஸ்மாவில். அறுபது சதவீத மீட்பு ஒன்றும் அவமானமில்லை. ஒவ்வொரு முறையும் அதே அறுபது வர வேண்டும், அவ்வளவுதான்.

ஓர் ஆய்வகத்தில் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஸ்டாண்டர்டுகள் நீரில், இன்டர்னல் ஸ்டாண்டர்டோ (வழியில் ஆகும் இழப்பைக் கணக்கிட எல்லா மாதிரியிலும் ஒரே அளவு சேர்க்கும் பொருள்) பிரித்தெடுத்து முடித்த பின் கடைசிச் சொட்டாக. வழியில் எவ்வளவு தொலைந்தது என்று அது எப்படிச் சொல்லும்? மூன்று வாரத்து மாதிரிகள் குப்பைக்குப் போயின. பிளாஸ்மாவில் முதலில் விழ வேண்டியது இன்டர்னல் ஸ்டாண்டர்டு. பிஹெச்சை மாற்றுவதற்கும் முன்னால்!

*இழையைக் கரைப்பானில் எவ்வளவு நேரம் ஊறவைப்பது? (கொல்லங்கோடு)*

பத்து விநாடி போதும், ஊறுகாய் போடவில்லை. மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஆக்டனால், டைஹெக்சில் ஈதர் நிற்கும், குளோரோஃபார்ம் பறந்துவிடும்.

*மின்புலம் கொடுத்தால் வேகமாக முடியுமா? (ஆரல்வாய்மொழி)*

முடியும். 2006-இல் வந்த முறை அது. முக்கால் மணி நேர வேலை பத்து நிமிடத்துக்கு இறங்கும். பாராசிட்டமால் போல மின்னேற்றம் இல்லாததை அது அசைக்காது. இதற்கும் ஸ்டாண்டர்டுகள் வெற்றுப் பிளாஸ்மாவில்தான்.

*இழையைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா? (தக்கலை)*

கூடாது. நேற்றைய நோயாளியின் மருந்து இன்றைய நோயாளியின் கணக்கில் ஏறும்.

*பேச்சிப்பாறையிலிருந்து ஐஸ் மேலேயே வைத்து அனுப்பிய ரத்தத்தில் பிளாஸ்மா சிவந்திருக்கிறது. ஓட்டலாமா? (குலசேகரம்)*

வேண்டாம், ஐஸ் நேரே பட்டுச் சிவப்பணு உடைந்திருக்கிறது. புது ரத்தம் எடுங்கள். நடுவில் துணி வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.