காலை 5.40 கேள்வி

எங்கள் ‘காலைக் கேள்வி’ வாட்ஸ்அப் குழுவைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் கடிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்து, “நீங்களே பதில் சொல்லிடுங்கம்மா” என்றுவிட்டார். செய்தியைப் பார்க்காதவர்களுக்கு: திருச்சியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2017-லிருந்து தினமும் காலையில் ஒரே ஒரு கேள்வி போடுகிறேன். குழுவில் 43 பேர். பரிசு கிடையாது.

அதென்ன 5.40? – வாசகர், கரூர்

டிகாஷன் இறங்கும் நேரம். வேறு ரகசியம் இல்லை.

கேள்வியை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? பொது அறிவுப் புத்தகம் வைத்திருக்கிறீர்களா? – வாசகி, கும்பகோணம்

மூன்று வைத்திருக்கிறேன். அவற்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட கேள்விகள்தான் படுத்துவிட்டன. ‘மனித உடலில் எத்தனை எலும்பு?’ என்று கேட்டால், தெரிந்தவர் 206 என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். தெரியாதவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். தெரியாதவரும் யோசித்து யோசித்து வந்து சேர ஒரு சந்து வேண்டாமா?

ஒரு நாள் இப்படிக் கேட்டேன்: ‘திருக்குறளில் பழம் என்ற சொல்லோடு சேர்ந்து, பெயர் சொல்லி வரும் பழம் எது? குறிப்பு: நாம் அதைக் கடிக்க முடியாது, அதுதான் நம்மைக் கடிக்கும்.’ மா, பலா, நெல்லி எல்லாம் வரிசையாக வந்தன. ஒருவர் சப்பாத்திக்கள்ளிப் பழம் என்றார், முள் இருக்கிறதே என்று. குழுவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். குறள் அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது; வந்த வேகத்தில் அதன் முதல் சொல்லை அனுப்பிவிட்டார், ‘அனிச்சம்’ என்று. அது பூ!

பதினோரு மணிக்கு ஒரு குரல் செய்தி. விராலிமலைப் பக்கத்துப் பெண், பூக்கட்டி விற்பவர். “நெருஞ்சியா இருக்குமோக்கா? சின்னதுல ஆடு மேய்க்கப் போனப்ப குதிகால்ல ஏறுச்சுன்னா உசுரு போயிரும்.” அதேதான். ‘அனிச்சமும் அன்னத்தின் தூவியும் மாதர் அடிக்கு நெருஞ்சிப் பழம்.’ 1120-வது குறள். அனிச்சப் பூவும் அன்னத்தின் இறகும்கூடக் காதலியின் பாதத்துக்கு நெருஞ்சி முள்ளாகக் குத்துமாம். அந்தப் பெண் குறளைப் படித்ததில்லை. அன்று மாலை தமிழாசிரியர் அந்தக் குறளுக்கு நான்கு நிமிடம் பொருள் சொல்லி அவருக்குத் தனியாக அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். இந்த மாதிரி ஒரு கேள்வி கிடைக்க எனக்குச் சில சமயம் பத்து நாள் ஆகும். இடைப்பட்ட நாட்களில் சுமாரானவைதான் ஓடும், ஒப்புக்கொள்கிறேன்.

கூகுளில் பார்த்துப் பதில் சொல்பவர்களை எப்படிப் பிடிப்பது, மேடம்? – வாசகர், ஓசூர்

ஏன் பிடிக்க வேண்டும்? 197-ல், அதாவது டைரக்டரி விசாரணையில், பல வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். நம்பர் கேட்கக் கூப்பிடுகிறவர்கள் அப்படியே கிரிக்கெட் ஸ்கோரும் கேட்பார்கள், பொங்கல் எத்தனை மணிக்கு வைக்கலாம் என்றும் கேட்பார்கள். அந்தக் காலத்துக் கூகுள் நாங்கள்தான். தேடிப் பார்த்தவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: தேடும்போது வேறென்ன கண்ணில் பட்டது?

எங்கள் குடும்பக் குழுவில் நானும் தினம் ஒரு கேள்வி போடுகிறேன். என் மைத்துனர் ஒரே நிமிடத்தில் பதில் போட்டுவிடுகிறார். மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. – வாசகி, மதுரை

எல்லாக் குழுவிலும் ஒரு மைத்துனர் உண்டு. பதிலைக் குழுவில் போடாமல் உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்கு நீங்கள் சரியான விடையைப் போட்டு, கூடவே சரியாகச் சொன்னவர்கள் பெயரையும் போடுங்கள். யார் முதலில் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். சுவாரசியமான தப்பு விடைகளையும் சேர்த்துப் போட்டால் கூச்சம் விட்டுப்போகும். ஆனால் தப்பாகச் சொன்னவர் பெயர் வேண்டாம். வாய் திறக்காதவர்கள் படிக்கவில்லை என்றும் நினைக்காதீர்கள். போன வருஷம் கண் ஆபரேஷனுக்காக ஒரு நாள் நான் கேள்வி போடவில்லை. 6.05-க்கு ஒரு செய்தி வந்தது: ‘இன்னிக்கு இல்லையாம்மா?’ ஆறு வருஷமாகக் குழுவில் இருக்கும் ஒருவரிடமிருந்து வந்த முதல் வரி அது.

நீங்களே தப்பான விடை கொடுத்தது உண்டா? மறைக்காமல் சொல்லவும். – வாசகர், நாகர்கோவில்

உண்டு. 2019 கடைசியில், இந்தியாவிலேயே நீளமான பெயர் கொண்ட ரயில் நிலையம் எது என்று கேட்டேன். ஆந்திராவில் நம் எல்லையை ஒட்டியிருக்கும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று இரவு எட்டு மணிக்குப் பெருமையாக விடை போட்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் 28 எழுத்து. எட்டேகாலுக்கு ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர் கேட்டார்: “அம்மா, நம்ம சென்ட்ரலுக்கு இப்ப என்ன பேரு?” அந்த ஏப்ரலில்தான் அது புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம் ஆகியிருந்தது. என் நோட்டுப் புத்தகம் அதற்கும் முந்தையது. ஒரே சொல்லாக உள்ள பெயர் என்று கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

அதிலிருந்து ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் தேதி எழுதுகிறேன். ‘எந்தக் கோளுக்கு அதிக நிலாக்கள்?’ என்பதற்கு என் நோட்டில் இருக்கும் அடித்தல் திருத்தலைப் பாருங்கள். 2018-ல் வியாழன், 79. அக்டோபர் 2019-ல் சனி, 82. பிப்ரவரி 2023-ல் மறுபடி வியாழன், 92. அதே வருஷம் மே மாதம் சனி, 145; பிறகு ஒன்று கூடி 146. மார்ச் 2025-ல் சனிக்கு ஒரே மூச்சில் 128 புது நிலாக்கள் சேர்ந்து 274. அந்தப் பக்கத்தில் இனி எழுத இடமில்லை. ‘மிக நீளமான’, ‘மிக அதிகமான’ என்று தொடங்கும் கேள்விகளை இப்போதெல்லாம் மோர் புளித்திருக்கிறதா என்று முகர்வதுபோல ஒரு முறை முகர்ந்துவிட்டுத்தான் போடுகிறேன்.

உங்கள் கேள்விகளை எங்கள் குழுவில் போட்டுக்கொள்ளலாமா? – வாசகர், புதுச்சேரி

தாராளமாக. தகவல் யாருக்கும் சொந்தமில்லை; அமெரிக்காவில் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஃபிரெட் வொர்த் என்பவர் பொது அறிவுக் களஞ்சியம் ஒன்று போட்டார். யார் காப்பி அடிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, ‘கொலம்போ’ என்ற துப்பறியும் தொடரின் நாயகனுடைய முதல் பெயர் பிலிப் என்று ஒரு பொய்யை உள்ளே செருகிவைத்தார். ‘டிரிவியல் பர்சூட்’ என்ற கேள்வி விளையாட்டு 1980-களில் சக்கைப்போடு போட்டபோது அதன் அட்டையில் அதே பிலிப்! 1984-ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அவர் புத்தகத்தையும் பார்த்தோம் என்று விளையாட்டுக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் வொர்த் தோற்றார். நான் அப்படிப் பொய் எதுவும் செருகவில்லை, தெரியாமல் செய்த தப்புகள் இருக்கலாம். சரிபார்த்துவிட்டுப் போடுங்கள்.

என் வயது 67. தினமும் கேள்விக்குப் பதில் சொன்னால் ஞாபக சக்தி வளருமா, சகோதரி? – வாசகர், தஞ்சாவூர்

வளரும் என்று சொன்னால் மூலிகை எண்ணெய் விற்பவள் ஆகிவிடுவேன். நானே நேற்று மூக்குக் கண்ணாடியை ஃபிரிஜ்ஜில் வைத்தேன். ஒன்று மட்டும் சொல்லலாம். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஜெயித்தார்கள். அதனால் விடையைப் பார்ப்பதற்கு முன் தப்போ சரியோ ஒன்றைச் சொல்லிவிடுங்கள்.

எங்களுக்கும் ஒரு கேள்வி போடுங்களேன். – பல ஊர்களிலிருந்து

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயில் ஏறும்போது, குன்னூர் வரை என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஏன்? குறிப்பு: மாடிப்படியில் பீரோ ஏற்றும்போது வீட்டிலேயே பலசாலியை எந்தப் பக்கம் நிற்கச் சொல்வீர்கள்? விடை அடுத்த இதழில்.