கிரிப்டோ வாங்கும் முன்னும் பின்னும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பெரிய முதலீட்டு நிறுவனங்களே பிட்காயின் ஃபண்டு விற்கின்றன. பணப் பரிமாற்ற ஆப்களிலும் கிரிப்டோ வந்துவிட்டது. இத்தனை நாள் தள்ளிப்போட்டு வந்தேன். இனி பயமில்லாமல் வாங்கலாமா?

பதில்: ஏற்பு கூடியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஏற்பு எதற்குப் பொறுப்பேற்கிறது, எதை உங்கள் தலையில் விட்டுவிடுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் பணத்தைப் போடாதீர்கள்.

2024 ஜனவரி 10 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் 11 பிட்காயின் ஈடிஎஃப்களுக்கு (பிட்காயினை வாங்கி வைத்து, பங்குபோலச் சந்தையில் விற்கும் ஃபண்டுகள்) ஒரே நாளில் அனுமதி கொடுத்தது. அந்த ஃபண்டுகளின் பங்குகளைப் பட்டியலிடத்தான் அனுமதித்தோம், பிட்காயினுக்கு நற்சான்று தரவில்லை என்று ஆணையத்தின் தலைவர் அன்றைக்கே தெளிவுபடுத்தினார். ஈடிஎஃப் வாங்குகிறவருக்கு நாணயத்தைக் காக்கும் வேலை இல்லை. அதற்கென்று ஒரு காப்பக நிறுவனம் இருக்கிறது. விலை சரிந்தால் வரும் நஷ்டம் மட்டும் முழுக்க அவருடையது. நீங்கள் ஆப்பில் நேரடியாக வாங்கி வைத்திருக்கும் பிட்காயினுக்கோ அந்த அனுமதியால் ஒரு துளிப் பாதுகாப்பும் கூடவில்லை.

கிரிப்டோ சந்தைகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் மைகா சட்டம் 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சுக்கு உரிமம் வேண்டும், வாடிக்கையாளர் சொத்தை நிறுவனத்தின் சொத்தோடு கலக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. நல்ல சட்டம். ஆனாலும் வங்கி வைப்புக்கு இருக்கும் காப்பீடு அங்கேயும் கிரிப்டோவுக்குக் கிடையாது. எல் சால்வடோர் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கியது. 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, வியாபாரிகள் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தளர்த்திவிட்டது. அரசு ஏற்பதும் பின்வாங்குவதும் நடக்கக்கூடியதே.

எல்லாப் பரிமாற்றங்களும் பதிவாகும் பிட்காயினின் பொதுப் பேரேடு (பிளாக்செயின்) 2009 முதல் ஓடுகிறது. 2010 ஆகஸ்டில் ஒரு நிரல் பிழையால் கோடிக்கணக்கான போலி நாணயங்கள் உருவாயின. சில மணி நேரத்தில் திருத்தி, அந்தப் பதிவை ரத்து செய்தார்கள். அதற்குப் பிறகு அப்படி ஒன்று நடக்கவில்லை. இந்த உறுதி எல்லா நாணயத்துக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். எத்தீரியம் கிளாசிக் 2019-இலும் 2020-இலும் தாக்கப்பட்டது. மைனிங் திறன் (பரிமாற்றங்களைச் சரிபார்த்துப் பதியும் கணினித் திறன்) குறைவாக இருக்கும் வலைப்பின்னலில் பாதிக்கு மேல் திறனை ஒருவரே வாடகைக்குப் பிடித்து, செலவழித்த நாணயத்தையே மறுபடி செலவழிக்க முடிகிறது. முதன்முதலாக வாங்குகிறவர் பெயர் தெரியாத சிறு நாணயங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்கலாமா, சொந்த வாலட்டுக்கு மாற்ற வேண்டுமா? என் எக்ஸ்சேஞ்ச் இருப்புச் சான்று வெளியிடுகிறது.

பதில்: எக்ஸ்சேஞ்ச் திரையில் நீங்கள் பார்க்கும் எண், அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. நாணயத்தைச் செலவிடும் ரகசியச் சாவி அவர்களிடம். சொந்த வாலட் என்றால் அந்தச் சாவி உங்களிடமே இருக்கும். நிறுவனம் மூழ்கினால் நீங்கள் அதற்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் விழுந்தது. சுமார் 8,50,000 பிட்காயின் காணவில்லை என்றார்கள், பிறகு ஒரு பழைய வாலட்டில் 2,00,000 அகப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிட்காயினாகத் திருப்பித் தரும் வேலை தொடங்கியது 2024 ஜூலையில். எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பரில் திவாலானபோது, அன்றைய விலையில்தான் ஒவ்வொருவரின் பாக்கியும் கணக்கிடப்பட்டது. பிட்காயின் அப்போது 17,000 டாலருக்கும் கீழே. 2024 டிசம்பரில் அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டியபோது, அந்த ஏற்றத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. இவற்றைவிட நான் முக்கியமாகக் கருதுவது, கிரிப்டோவுக்கு வட்டி கொடுத்து வந்த செல்சியஸ் நிறுவனத்தின் வழக்கு. வட்டி தரும் கணக்கில் போட்ட நாணயம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று 2023 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம், வாடிக்கையாளர்கள் படிக்காமல் ஒப்புக்கொண்ட விதிமுறையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆகவே விதிமுறைப் பக்கத்தில் உரிமை, கடன் கொடுத்தல், அடகு என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள். 'வட்டி தருகிறோம்' என்றால் உங்கள் நாணயத்தை யாருக்கோ கடன் கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இருப்புச் சான்று, ஒரு குறிப்பிட்ட நாளில் நிறுவனத்திடம் இவ்வளவு நாணயம் இருந்தது என்று காட்டும். அதற்கெதிராக நிறுவனத்துக்கு மொத்தம் எவ்வளவு கடன் இருக்கிறது, அந்த நாணயம் கைமாற்றாக வாங்கிக் காட்டியதா என்பதெல்லாம் அதில் தெரியாது. இல்லாததற்கு இருப்பது மேல்; அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

என் கருத்து இது. அடிக்கடி வாங்கி விற்பதற்கான அளவு எக்ஸ்சேஞ்சில் இருக்கட்டும். ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க நினைப்பது, தொலைந்தால் வாழ்க்கை ஆட்டம் காணும் அளவுக்கு வளர்ந்தது, இரண்டும் சொந்த வாலட்டுக்குப் போக வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு: அடுத்த பதிலில் இருக்கும் வேலைகளைச் செய்ய உங்களுக்குப் பொறுமை இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமம் உள்ள எக்ஸ்சேஞ்சோ ஈடிஎஃப்போதான் உங்களுக்கு ஏற்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்சேஞ்சில் வைப்பதானால் எஸ்எம்எஸ் ஓடிபியை அணைத்துவிட்டு, பாஸ்கீ அல்லது அங்கீகார ஆப் வையுங்கள். உங்கள் எண்ணுக்கு வேறொருவர் ஏமாற்றிப் புது சிம் கார்டு வாங்கிக்கொண்டால் எஸ்எம்எஸ் அவருக்குத்தான் போகும். பணம் வெளியே போகும் முகவரிகளை முன்கூட்டியே பதிவு செய்யும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஹார்ட்வேர் வாலட் (சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் சிறு கருவி) வாங்கினேன். பெட்டி சீல் உடையாமல் வந்தது. உள்ளே 24 சொற்கள் அச்சிட்ட அட்டையும் இருந்தது. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. அவை மீட்புச் சொற்கள்; அவை தெரிந்தவர் வாலட்டை எங்கிருந்தும் திறக்கலாம். அவற்றை அச்சிட்டவரிடம் உங்கள் வாலட்டின் சாவி ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் பணம் போடும் நாளுக்காக அவர் காத்திருக்கிறார். சீலை நம்பாதீர்கள், அதைப் புதிதாக ஒட்டுவது சுலபம். 2020-இல் ஹார்ட்வேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய வீட்டு முகவரிகள் கசிந்த பிறகு, 2021-இல் அந்த வீடுகளுக்கு 'பாதுகாப்புக்காக மாற்றித் தருகிறோம்' என்ற கடிதத்தோடு போலிக் கருவிகளே தபாலில் வந்தன.

கருவியைத் தயாரிப்பாளரிடமோ அவர் தளத்தில் பெயர் குறிப்பிட்டுள்ள விற்பனையாளரிடமோ வாங்குங்கள். ஆப்பையும் தேடல் விளம்பரம் வழியாக இறக்காமல் தயாரிப்பாளரின் தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து எடுங்கள். இயக்கியதும் அது பின் எண்ணோ சொற்களோ இல்லாத வெறும் கருவியாக இருக்க வேண்டும். சொற்களைக் கருவியே உருவாக்கி, தன் சிறு திரையில் காட்ட வேண்டும். அவற்றைத் தாளில் வரிசை எண்ணோடு எழுதுங்கள். போட்டோ, ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல் வரைவு, கிளவுட் நோட்ஸ் எதுவும் வேண்டாம். போனில் எடுத்த படம் தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். இந்தச் சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. முதல் நான்கு எழுத்தை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காணலாம். அதனால் கையெழுத்து கொஞ்சம் மங்கினாலும் மீட்க முடியும். வரிசை மாறினால் முடியாது.

இனி வருவதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. நாணயம் பெறுவதற்கு வாலட் காட்டும் முதல் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவியை முழுக்க அழித்துவிட்டு, தாளில் எழுதிய சொற்களை மட்டும் கொண்டு மீட்டெடுங்கள். அதே முகவரி வந்தால் உங்கள் தாள் சரி. வராவிட்டால் எங்கோ பிழை. நல்லவேளையாக இன்னும் பணம் போடவில்லை. இதன்பிறகு சிறு தொகை அனுப்பி, அதைத் திருப்பி வெளியே அனுப்பியும் பாருங்கள். இரண்டும் ஒழுங்காக நடந்த பிறகே பெரிய தொகை. தாளின் இன்னொரு படியை வேறொரு கட்டடத்தில் வையுங்கள். நெருப்புக்கும் நீருக்கும் பயந்தால் எஃகுத் தகட்டில் பொறிக்கலாம்.

12 சொல்லா, 24 சொல்லா என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 12 சொற்களையும் யாராலும் ஊகித்து எடுக்க முடியாது. 128 பிட் பாதுகாப்பு அது. கவலைப்பட வேண்டியது, சொற்களோடு கூடுதல் கடவுச்சொல்லாக வைக்கும் பாஸ்ஃபிரேஸ் பற்றித்தான். அதில் ஓர் எழுத்துத் தவறினாலும் கருவி பிழை காட்டாது. காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும். பணம் திருடு போனதாகப் பதறியவர்களில் சிலருக்கு நேர்ந்தது இதுதான். பாஸ்ஃபிரேஸ் வைத்தால் அதையும் எழுதி, சொற்கள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

கேள்வி: பழைய பரிமாற்றப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுத்து யுஎஸ்டிடி (ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டிய ஸ்டேபிள்காயின்) அனுப்பினேன். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்தும் சரிபார்த்தேன். ஆனால் பணம் வேறு யாருக்கோ போய்விட்டது. மீட்டுத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். அது இரண்டாவது திருட்டு. உறுதியான பரிமாற்றத்தைத் திருப்பும் மென்பொருள் உலகில் யாரிடமும் இல்லை.

நடந்தது முகவரி நஞ்சூட்டல். நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் பேரேட்டில் யாரும் பார்க்கலாம். அதன் முதல் சில எழுத்துகளும் கடைசி சில எழுத்துகளும் ஒத்துப்போகும் வரை திருடரின் கணினி புதிய முகவரிகளைத் தயாரித்துக்கொண்டே போகும். சாதாரணக் கணினிக்கும் இது எட்டும் வேலை. பிறகு அந்தப் போலி முகவரியிலிருந்து உங்களுக்குப் பூஜ்யத் தொகையோ சில்லறையோ அனுப்புவார்கள், உங்கள் பட்டியலில் அது வந்து உட்காருவதற்காக. நீங்கள் நகலெடுத்தது அதைத்தான். பரிமாற்றப் பட்டியலை முகவரிப் புத்தகமாகப் பயன்படுத்துவதை இன்றோடு விடுங்கள். சரிபார்க்கும்போது நடு எழுத்துகளையும் பாருங்கள், அதுவும் ஹார்ட்வேர் வாலட்டின் திரையில்.

உடனே செய்யக்கூடியது: பரிமாற்ற எண், இரு முகவரிகள், நேரம் ஆகியவற்றோடு காவல்துறையில் சைபர் புகார் கொடுங்கள். யுஎஸ்டிடி, அதைப் போன்ற இன்னொரு ஸ்டேபிள்காயினான யுஎஸ்டிசி, இரண்டையும் வெளியிடும் நிறுவனங்களால் ஒரு முகவரியை முடக்க முடியும். சட்ட அமைப்பின் கோரிக்கை வந்தால் அப்படிச் செய்திருக்கிறார்கள். திருடர் வேறு நாணயமாக மாற்றுவதற்குள் நடந்தால்தான் பயன். பணம் ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருப்பது பேரேட்டில் தெரிந்தால் அவர்களுக்கும் எழுதுங்கள். பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: இலவச டோக்கன் தருவதாகச் சொன்ன தளத்தில் வாலட்டை இணைத்தேன். மீட்புச் சொற்களை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாளில் டோக்கன்கள் காலி. எப்படி?

பதில்: நீங்கள் அழுத்திய ஒப்புதலில் இருந்தது விஷயம். எத்தீரியம் போன்ற வலைப்பின்னல்களில், உங்கள் டோக்கனை எடுத்துச் செலவிட ஒரு ஒப்பந்தத்துக்கு (பேரேட்டில் தானாக இயங்கும் நிரல்) அனுமதி கொடுக்கலாம். அளவு வரம்பில்லாமல் கேட்பதே பல தளங்களின் வழக்கம். கட்டணமே இல்லாமல் வெறும் கையொப்பமாகவும் அதைக் கேட்கலாம். காசு செலவாகாததால் ஆபத்தில்லை என்று நினைத்துக் கையெழுத்திட்டு விடுகிறோம்.

எது போனது என்று பாருங்கள். குறிப்பிட்ட டோக்கன்கள் மட்டும் போய், எத்தீரியத்தின் சொந்த நாணயமான ஈதர் மிஞ்சியிருந்தால் காரணம் அநேகமாக ஒப்புதல்தான். எத்தீரியம் பேரேட்டைக் காட்டும் இதர்ஸ்கேன் தளத்தின் டோக்கன் அப்ரூவல் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்து, தெரியாத ஒப்புதல்களை ரத்து செய்யுங்கள்; ஒவ்வொன்றுக்கும் சிறு வலைக்கட்டணம் ஆகும். வாலட்டில் 'இணைப்பைத் துண்டி' என்று அழுத்தினால் ஒப்புதல் போகாது, அது பேரேட்டில் அப்படியே இருக்கும். ஈதரும் சேர்ந்து போயிருந்தால் சொற்கள் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ரத்து செய்து பயனில்லை. புதிய சொற்களோடு புதிய வாலட் உருவாக்கி மிச்சத்தை மாற்றுங்கள்.

இதில் அனுபவம் உள்ளவர்களும் ஏமாறுகிறார்கள். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் திருடப்பட்டது. கையெழுத்திட்டவர்களின் திரையில் வழக்கமான பரிமாற்றம் தெரிந்தது. உண்மையில் கையெழுத்தானது வேறொன்று. உங்கள் கருவியின் திரையில் முகவரியும் தொகையும் புரியும்படி வரவில்லையென்றால் மறுத்துவிடுங்கள். புதுத் தளங்களுக்கென்று கொஞ்சமே பணம் உள்ள தனி வாலட் வையுங்கள்.

கேள்வி: எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். என் பெயர், முகவரி எல்லாம் சரியாகச் சொல்கிறார்.

பதில்: துண்டித்துவிட்டு, ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதியில் நீங்களே கேளுங்கள். விவரம் தெரிவதால் உண்மையானவர் ஆகிவிட மாட்டார். காயின்பேஸ் எக்ஸ்சேஞ்ச் 2025 மே மாதம் வெளியிட்ட தகவல்படி, அதன் உதவி மைய ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்துச் சுமார் 69,000 பேரின் விவரங்களை எடுத்திருக்கிறார்கள். 'பாதுகாப்பான வாலட்டுக்கு மாற்றுங்கள்' என்று சொல்பவர் யாராக இருந்தாலும் திருடர்.

கேள்வி: ஆன்லைன் கடை ஒன்று ஸ்டேபிள்காயினில் கட்டினால் தள்ளுபடி தருகிறது. கட்டலாமா? பொருள் வராவிட்டால்?

பதில்: கார்டில் கட்டினால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். கிரிப்டோவில் கடைக்காரர் மனது வைத்தால்தான் உண்டு. தெரியாத கடையென்றால் தள்ளுபடி எவ்வளவானாலும் விட்டுவிடுங்கள்.

ஸ்டேபிள்காயினும் எப்போதும் ஒரு டாலராகவே நிற்பதில்லை. 2022 மே மாதம் டெர்ரா யுஎஸ்டி அடியோடு விழுந்தது. ஒவ்வொரு நாணயத்துக்கும் ஈடான டாலர் கையிருப்பு அதன் பின்னால் இல்லை. யுஎஸ்டிசிக்குக் கையிருப்பு உண்டு. ஆனால் அதில் 330 கோடி டாலர், மூழ்கிப்போன சிலிக்கான் வேலி வங்கியில் இருந்ததால், 2023 மார்ச்சில் 90 சென்டுக்கும் கீழே போய், சில நாளில் மீண்டது. கட்டுவதற்கு வேண்டிய அளவை அன்றைக்கு வாங்கினால் போதும்.

நம்பிக்கையான கடையில் கட்டும்போது, பில்லில் சொன்ன வலைப்பின்னலும் நீங்கள் அனுப்பும் வலைப்பின்னலும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே ஸ்டேபிள்காயின் ட்ரான், எத்தீரியம், பாலிகான் எனப் பல வலைப்பின்னல்களில் ஓடும். ட்ரான் முகவரியும் எத்தீரியம் முகவரியும் வடிவத்திலேயே வேறு, அதனால் ஆப் தடுத்துவிடும். எத்தீரியம், பாலிகான் இரண்டிலும் முகவரி ஒரே மாதிரி இருப்பதால் அங்கேதான் குழப்பம் வரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து நேரே அனுப்பினால் கட்டணம் கழிந்து தொகை குறைவாகப் போய்ச் சேரலாம். பில் செலுத்தப்படாததாகவே நிற்கும். கழிந்த பிறகு சேரும் தொகை எவ்வளவு என்று பார்த்து அனுப்புங்கள். பணத்தைத் திருப்பித் தருவது நாணய எண்ணிக்கைப்படியா, அன்றைய மதிப்புப்படியா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியையும் நீங்களே கொடுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து கட்டியிருந்தால், 'வந்த முகவரிக்கே அனுப்பிவிட்டோம்' என்று கடைக்காரர் சொல்லும் பணம் எக்ஸ்சேஞ்சின் பொது வாலட்டுக்குப் போயிருக்கும், உங்கள் கணக்கில் வரவு ஆகாது.