பைபிள் கதைகளை அன்றாட விசுவாச வாழ்க்கையோடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

ஞாயிறு பள்ளியில் கேட்ட கதைகள் எல்லாம் நினைவில் இருக்கின்றன, ஆனால் இன்றைய கஷ்டத்தில் அவை எதுவும் கைகொடுக்கவில்லை, தேவனோடு நெருங்கவும் முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முப்பத்தைந்து வயது வரை அப்படித்தான் இருந்தது. தாவீது, தானியேல், யோனா எல்லாரையும் தெரியும். வேதாகமத் தேர்வில் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். ஆனால் ஜெபிக்க முழங்கால் போட்டால் அந்தக் கதைகளில் ஒன்றும் துணைக்கு வராது. அது மாறியது என் மாமியாரால். அந்தக் கதையைச் சொல்வதுதான் உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய உண்மையான பதில்.

2016-ல் நாங்கள் ஷார்ஜாவிலிருந்து ஊருக்குத் திரும்பினோம். கணவர் வேலை பார்த்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். கடைசி 4 மாதச் சம்பளம் வரவே இல்லை. இரண்டு பிள்ளைகள், நாலு பெட்டி, பாதியில் நின்ற வீட்டின் மேல் கடன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால், "லீவுக்கா வந்திருக்கீங்க? எப்போ திரும்பப் போறீங்க?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்குத்தான் பதில் தொண்டையில் நின்றுகொள்ளும்.

வீட்டில் அத்தை மட்டும் இருந்தார்கள். மாமனாரும் என் கணவரின் அண்ணனும் 2004-ல், ஏழு மாத இடைவெளியில் இறந்துபோனவர்கள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது அதற்குப் பிறகுதான். அத்தைக்கு மூட்டுவலி, வெளியே நடமாட்டம் இல்லை. கண்ணும் மங்கிவிட்டதால் ராத்திரி குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிப்பது என் பொறுப்பாகிவிட்டது.

ஒரு நாள் ரூத் முதல் அதிகாரம். பெத்லகேமில் பஞ்சம். எலிமெலேக்கு தன் மனைவி நகோமியையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப் போகிறான். அங்கே அவனும் சாகிறான், இரண்டு மகன்களும் சாகிறார்கள். நகோமி ஊருக்குத் திரும்பும்போது மருமகள் ரூத் அவளை விடாமல் கூடவே வருகிறாள். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்ற இடம் எல்லாருக்கும் தெரியும், கல்யாண வீட்டில் கேட்டிருப்பீர்கள். நான் அதை மட்டும் நிறுத்தி வாசித்துவிட்டு மீதியைக் கடகடவென்று முடித்தேன்.

அத்தை கையை நீட்டினார்கள். "அந்த அம்மா ஊருக்குள்ள வந்து ஏதோ சொன்னாளே, அத ஏன் இவ்வளவு வேகமாப் படிச்ச? திரும்பப் படி தாயி."

படித்தேன். ஊர்ப் பெண்கள் "இவள் நகோமியோ?" என்கிறார்கள். நகோமி என்றால் இனிமை. அவளோ, என்னை நகோமி என்று சொல்லாதீர்கள், மாராள் என்று சொல்லுங்கள் என்கிறாள். மாராள் என்றால் கசப்பு. நிறைவாகப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாகத் திரும்பி வரப்பண்ணினார் என்று நடுத்தெருவில் நின்று சொல்கிறாள்.

எனக்கு ஷார்ஜா விமான நிலையத்தில் எடைபோட்ட அந்த நாலு பெட்டியும் கண்முன் வந்து நின்றன. அத்தை வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "வேதத்துலயே இப்படி எழுதியிருக்கா?" என்று கேட்டார்கள்.

மகனை அடக்கம் செய்த அன்று அத்தையும் இப்படி ஒன்று சொல்லியிருக்கிறார்கள், "ஆண்டவர் என்னை ஏமாத்திட்டாரு" என்று. துக்கம் கேட்க வந்த ஒருவர் உடனே, "விசுவாசி வாயில வர்ற பேச்சா இது?" என்று அடக்கிவிட்டாராம். அதோடு சரி. அதற்குப் பின் 12 வருடம் அந்த வார்த்தையை மனுஷரிடமும் சொல்லவில்லை, ஜெபத்திலும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அத்தை செய்த ஜெபத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவர்களுக்கும் கர்த்தருக்கும் நடுவில் உள்ளது. வழக்கமாக வாக்கியத்துக்கு ஒரு தரம் வரும் "ஸ்தோத்திரம்" அன்று ஒரு தடவைகூட வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் நான் தனியாக உட்கார்ந்து ரூத் முழுவதையும் படித்தேன். 4 அதிகாரம், 85 வசனம்தான். நகோமியின் பேச்சுக்குத் தேவன் எங்கே கண்டனம் சொல்கிறார் என்று தேடினேன். இல்லை. கண்டனம் என்ன, அந்தப் புத்தகம் முழுவதிலும் தேவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தூதன் இல்லை, சொப்பனம் இல்லை, எரிகிற முட்செடி இல்லை. கர்த்தர் இதைச் செய்தார் என்று கதை நேராகச் சொல்வது இரண்டே இடத்தில்: தொடக்கத்தில் தம் ஜனத்துக்கு ஆகாரம் கொடுத்தார், கடைசியில் ரூத்துக்குப் பிள்ளை கொடுத்தார். நடுவில் வயலும் வெயிலும் மனுஷரின் பேச்சும்தான். எலிமெலேக்கின் உறவினரான போவாசின் வயலுக்கு ரூத் போய்ச் சேர்ந்ததைக்கூட நம் வேதாகமம் "தற்செயலாய்" என்றே சொல்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. என் வாழ்க்கையிலும் வானத்திலிருந்து சத்தம் வந்ததே இல்லை.

கதைகளை வாசிப்பதில் நான் செய்துவந்த தவறும் அப்போதுதான் பிடிபட்டது. எப்போதும் முடிவிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். தாவீது ஜெயிப்பான், சிங்கம் தானியேலைத் தொடாது, ரூத்துக்குக் கல்யாணம் ஆகும். முடிவு தெரிந்துவிட்டால் நடுவில் இருப்பவர்களின் பயம் நமக்குப் புரியாது. ஊருக்குள் நுழைந்த நகோமிக்கு நாலாம் அதிகாரம் தெரியாது. நீங்களும் நானும் இன்று நிற்பது அப்படி ஒரு முதல் அதிகாரத்தில்தானே. (இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719-ல் இறந்துபோனார். வயது 36. மீதியைப் பின்னால் வந்தவர்கள் முடித்தார்கள். எங்கள் வீட்டில் இந்தக் கதையைத் தமிழில் வாசிக்க முடிந்ததன் தொடக்கம், முடிவைப் பார்க்காமல் போன ஒருவரின் வேலை.)

அதனால் கதையை வாசிக்கும்போது, இதில் நான் யார் என்று கேளுங்கள். வீரனின் இடத்தில் போய் உட்கார அவசரப்பட வேண்டாம். அந்த இடத்தில் நிற்பவர் தேவனிடம் என்ன சொன்னாரோ, அதை உங்கள் பெயர் போட்டு, உங்கள் பேச்சில் சொல்லிப் பாருங்கள். ஜெபம் அங்கேதான் உயிர் பெறுகிறது. வசனத்தைக் கதையிலிருந்து தனியாகப் பிடுங்கி எடுக்காமல் இருப்பதும் முக்கியம். புத்தாண்டு ஆராதனையில் நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 அடிக்கடி வரும், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று. அதற்கு முந்தின வசனம் அட்டையில் இருக்காது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது; அங்கே 70 வருஷம் கழிய வேண்டும் என்கிறது அந்த வசனம். அதற்கும் மேலே, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று இருக்கிறது. முழுக் கடிதத்தையும் வாசித்த பின் அந்த வாக்குத்தத்தம் எனக்குச் சிறுத்துப் போகவில்லை, இன்னும் நம்பக்கூடியதாகத்தான் ஆனது. அதேபோல, கதையில் ஒருவர் செய்ததெல்லாம் நமக்குக் கட்டளையும் ஆகாது. கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதில் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டது தேவன் அவனுக்குத் தெளிவாகச் சொன்ன பிறகு. அதை வழிமுறையாக எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை பார்க்கிற விஷயத்தில் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அத்தையிடம் திரும்பி வருகிறேன். மறுநாள் ராத்திரி இரண்டாம் அதிகாரம். ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். சிறு வயதில் அத்தை அறுப்புக் காலத்தில் வயலில் கதிர் பொறுக்கியவர்கள். எனக்கு அது அன்றுவரை தெரியாது. அறுவடையில் சிந்தியதை ஏழைகளுக்கும் பரதேசிகளுக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமத்தில் சட்டமே உண்டு. போவாஸ் அதற்கு மேலே ஒரு படி போய், அவளுக்காக வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று வேலையாட்களிடம் சொல்கிறான். "அதட்டாதிருங்கள்" என்றதும் அத்தை நிமிர்ந்தார்கள். "எங்களக் காவக்காரன் விரட்டுவான். கெட்ட வார்த்தை சொல்லுவான். கதிரு கெடைக்கிறது பெருசு இல்ல தாயி, அந்தப் பேச்சக் கேக்காம இருக்கணுமே."

சாயங்காலம் ரூத் தட்டி எடுத்தது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை என்று வாசித்தேன். நான் அந்த அளவைத் தாண்டிப் போய்விட்டேன். அத்தை போகவில்லை. "ஒரு மரக்காலா? ஒரு நாள் முழுக்கக் குனிஞ்சு பொறுக்குனாலும் அவ்வளவு சேராதே. யாரோ போட்டிருக்காங்க." நகோமியும் அடுத்த வசனங்களில் அதையேதான் கண்டுபிடிக்கிறாள், உன்னை விசாரித்தவன் ஆசீர்வதிக்கப்படுவானாக என்று. எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை. ரூத் மத்தியானம் சாப்பிட்ட வறுத்த தானியத்தில் மீதி வைத்ததையும் மாமியாருக்கு எடுத்து வருகிறாள். நகோமியின் வாயில் கர்த்தரைப் பற்றி நல்ல வார்த்தை திரும்பி வருவது, அந்தத் தானியத்தையும் மீதிச் சாப்பாட்டையும் பார்த்த பிறகுதான்.

அந்த மாதம் எங்கள் கோயிலில் அசனம், சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பந்தி முடிந்ததும் தூக்குவாளியில் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வருடா வருடம் யாராவது அத்தைக்குக் கொண்டுவந்து கொடுப்பதுதான். ஆனால் சூட்டில் வாளியின் பிடியைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு போகும்போது ரூத்தின் மடியில் இருந்த தானியம் ஞாபகம் வந்தது. பைபிள் கதை என் கைக்குள் வந்தது அந்த நிமிடம்தான் என்று சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. சபையில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், "கணக்கு எழுத ஆள் இல்லாம கஷ்டப்படுறேன், நீங்க வந்து பார்த்துக் குடுக்கணும்" என்று என்னைக் கேட்டார். ஒன்றரை வருடம் அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போனது. அவருடைய மகள் பி.காம் படித்தவள், அதுவரை அந்தக் கணக்கை அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாருக்காவது உதவி செய்யும்போது, இவர்களுக்கு இது பொறுக்கி எடுத்ததாகத் தெரிகிறதா, போட்டதாகத் தெரிகிறதா என்று ஒரு நிமிடம் யோசித்துக்கொள்கிறேன்.

நாலாவது ராத்திரி கடைசி அதிகாரம். ரூத்துக்கும் போவாசுக்கும் ஓபேத் பிறக்கிறான், நகோமி அவனை மடியில் வைத்து வளர்க்கிறாள், அவனுடைய பேரன் தாவீது. "ஆனாலும் செத்துப்போன பிள்ளைக வரலையே" என்றார்கள் அத்தை. இல்லை, வரவில்லை. நான் அதற்குப் பதில் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர்களே கேட்டார்கள்: "மாராள்னு கூப்பிடச் சொன்னாளே, யாராவது அப்படிக் கூப்பிட்டாங்களா?"

விளக்கை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். ஊர்ப் பெண்கள், போவாஸ், கதையை எழுதியவர், ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசி வரைக்கும் எல்லாருக்கும் அவள் நகோமிதான்.

"பாத்தியா" என்று அத்தை சிரித்தார்கள். "சரி, நாளைக்குத் திரும்ப மொத அதிகாரத்துல இருந்து படி."