துப்பாக்கி சுடும் வீரர்களும் ஆயுதச் சட்டமும்: கேளுங்கள், சொல்கிறேன்

கோவை: 2019 திருத்தத்தில் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்றாகிவிட்டது. இதை மாற்றக் கோரி எங்கள் கிளப் சார்பில் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாமா சார்?

கொடுத்துப் பயனில்லை. ஆயுதம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. உள்துறை அமைச்சகத்துக்கு எழுதுங்கள்.

அதற்கு முன் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு மூன்று வைத்திருக்கலாம். மசோதா வந்தபோது ஒன்றுதான் என்றிருந்தது. எதிர்ப்பு கிளம்பி, டிசம்பரில் இரண்டாக நிறைவேறியது. தாத்தா விட்டுப்போன துப்பாக்கியும் அந்த இரண்டுக்குள் அடக்கம். ஆனால் வீரர்களுக்குப் பெரிய சலுகை வந்தது 2020 பிப்ரவரி அறிவிக்கையில்தான். எல்லோருக்குமான இரண்டு போக, சர்வதேசப் பதக்கம் வென்றவர்களும் பெயர்பெற்ற வீரர்களும் ஒரு போட்டிப் பிரிவில் சுட்டால் 8, இரண்டில் சுட்டால் 10, அதற்கு மேல் 12 வரை வைத்திருக்கலாம். வளரும் வீரர்களுக்கு இரண்டு. ஆண்டுக்கு வாங்கக்கூடிய தோட்டா எண்ணிக்கையும் உயர்ந்தது. சட்டத்தின் 41-ஆம் பிரிவு விலக்கு தரும் அதிகாரத்தை மத்திய அரசிடமே கொடுத்திருக்கிறது. அதனால் சட்டத்திருத்தம் கேட்டு அலையாதீர்கள், அறிவிக்கை கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மனுவில் ‘தற்காப்பு’ என்ற சொல்லே வரக்கூடாது. வந்தால் உங்களை வீரராகப் பார்க்க மாட்டார்கள்.

மதுரை: ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா?

0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்றால் வேண்டாம்.

திருச்சி: கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு உயிர் போகிற நாடு இது. விளையாட்டு என்று சொல்லி ஏன் விலக்கு கேட்கிறீர்கள்?

கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. அதே திருத்தம் கொண்டாட்டத் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்றது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ட்ராப் என்பது காற்றில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டி. அதன் தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். ஆண்டுக்கு 500 தோட்டா என்று வரம்பு வைத்தால் இரண்டாம் தோட்டாவைத் தொடாமலே நான்கு தகுதிச் சுற்றோடு தீர்ந்துவிடும். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டார். அந்த அளவில் பயிற்சி செய்திருக்க முடியுமா?

திருச்சி (மறுபடியும்): விலக்கைக் காட்டி வாங்கி வெளியே விற்றால்?

விற்பவன் இருப்பான், மறுக்கவில்லை. அதனால்தான் நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்: தோட்டாவுக்குக் கிளப்பில் பதிவேடு, சுட்டதும் வெற்று உறைகளை எண்ணித் திருப்பித் தருவது, போட்டிக்கே வராதவருக்கு விலக்கு ரத்து. எங்கள் ஆட்களே இதற்கு முகம் சுளிப்பார்கள். அவர்கள் பிரிட்டனைப் பார்க்கட்டும். 1996-இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டே கைத்துப்பாக்கிகள் அநேகமாக முழுவதும் தடையாயின. பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போனார்கள். 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டில் பிஸ்டல் போட்டிகளை நடத்தவே தனி அனுமதி தேவைப்பட்டது. ஊரே அழும்போது ‘எங்கள் விளையாட்டு என்னாவது’ என்று கேட்டால் யார் காதில் ஏறும்? கட்டுப்பாட்டை அமைதியான காலத்திலேயே நாமாக முன்வைக்க வேண்டும்.

சேலம்: ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ்…

மதுரைக்காரருக்குச் சொல்லியாயிற்று.

சென்னை: நடிகர் அஜித் சுடும் கிளப்பில் சேருவது எப்படி?

சினிமா பகுதியில் கேளுங்கள்.

தஞ்சாவூர்: தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். போட்டி நேரத்தில் என்ன செய்வது?

தேசிய ரைபிள் சங்க உறுப்பினராகப் போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்குத் தேர்தல் ஆணையம் விலக்கு தந்திருக்கிறது. உறுப்பினர் அட்டை, போட்டி நுழைவுப் படிவம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, தேர்தல் தேதி அறிவித்த உடனே எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். காவல் நிலையத்தில் குரலை உயர்த்தாதீர்கள்.

நெல்லை: மனு மாதிரி ஒன்று அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். ‘நாட்டில் பாதுகாப்பு இல்லாத நிலையில் எங்கள் தற்காப்பு உரிமை…’

முதல் பத்தியை அப்படியே கிழித்துப் போடுங்கள். எந்தப் பிரிவில் சுடுகிறீர்கள், ஆண்டுக்கு எத்தனை போட்டி, எத்தனை தோட்டா தேவை என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஈரோடு: ஏர் ரைபிள்…

வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம்.