1870க்கு முன்னால் ஒரு குடும்பம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியாவில் வசிக்கிறேன். கூட வேலை பார்க்கும் கறுப்பினத் தோழிக்கு எட்ஜ்ஃபீல்ட் மாவட்டத்தில் ஒரு கிராமம் பூர்வீகம். ஆகஸ்டில் அவர்கள் குடும்பம் ஒன்றுகூடுகிறது. அதற்குள் வம்சாவளி தயாரிக்க இருவரும் முயல்கிறோம். 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை போய்விட்டோம், அதற்கு முன்னால் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுடைய குடும்பப்பெயரிலேயே ஒரு வெள்ளைக்காரப் பண்ணையார் அங்கே இருந்திருக்கிறார். அடிமைக் காலத்தில் அவர்களுடைய எஜமானர் அவர்தான் என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

வைத்துக்கொள்ளாதீர்கள். அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்களில் பலர் கடைசி எஜமானரின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய எஜமானரின் பெயர், தகப்பன் வழிப் பெயர், தாங்களே தேர்ந்த பெயர் என்று எல்லாம் உண்டு. கூடப் பிறந்தவர்களே வெவ்வேறு குடும்பப்பெயர்களில் பதிவாகியிருப்பார்கள். பெயர்ப் பொருத்தத்தை மட்டும் நம்பினால் வேறு யாருடைய முன்னோரையோ தோழியின் வம்சாவளியில் சேர்த்துவிடுவீர்கள். நீங்கள் பிடிக்க வேண்டியது அக்கம்பக்கத்தை.

1870ல் கணக்கெடுத்தவர் வீடு வீடாகப் போன வரிசையிலேயே எழுதினார். தோழியின் குடும்பம் இருக்கும் பக்கத்தோடு, முன்னும் பின்னும் ஐந்தைந்து பக்கங்களை முழுதாகப் பார்த்துப் பட்டியல் போடுங்கள். கறுப்பினக் குடும்பத் தலைவர்கள் ஒரு பக்கம், நிலமதிப்பு அதிகமாகக் காட்டப்பட்ட வெள்ளையர்கள் இன்னொரு பக்கம். வயது ஐந்து, பத்து வருடம் முன்பின் இருந்தாலும் ஆளைத் தள்ளிவிடாதீர்கள். 1870ல் உறவுமுறைக்குப் பத்தி கிடையாது, 1880ல்தான் வந்தது. ஒரே வீட்டில் இருக்கும் வயதான பெண் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்து, விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் 1865, 1866 கூலி ஒப்பந்தங்கள். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மேலே பண்ணையார் பெயர், கீழே தொழிலாளர் பெயர்கள், கையெழுத்து வராதவர்களுக்குப் பெருக்கல் குறி. உங்கள் பட்டியலில் உள்ள மூன்று நான்கு பேர் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்து வந்தால் அந்தப் பண்ணையை விடாதீர்கள். ஆனால் அந்த முதலாளியே பழைய எஜமானர் என்று அதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. அந்தப் பண்ணைக் குடும்பத்தில் 1865க்கு முன் இறந்தவர்களின் உயில்களையும் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல்களையும் எடுங்கள். மாடு, கலப்பை, கட்டில் வரிசையில் மனிதர்களும் முதற்பெயரோடும் விலையோடும் இருப்பார்கள். சில பட்டியல்களில் தாயையும் கைக்குழந்தையையும் சேர்த்து ஒரே விலை போட்டிருப்பார்கள். படிக்க நெஞ்சு பதறும், ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் எழுத்தில் சாட்சி பெரும்பாலும் அந்த ஒரு வரிதான். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் எஜமானர் பெயரின் கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம்தான் இருக்கும், அவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. சரிபார்க்க உதவும், கண்டுபிடிக்க உதவாது.

எட்ஜ்ஃபீல்டின் பழைய நீதிமன்றப் பதிவுகள் நிறையவே தப்பியிருப்பது உங்கள் நல்ல காலம். ஆரஞ்ச்பர்க், லெக்சிங்டன் பக்கம் 1865ல், உள்நாட்டுப் போரின்போது, வடக்குத் தளபதி ஷெர்மனின் படை வந்தபோது எரிந்துபோனவை ஏராளம். ஒன்றைக் கவனியுங்கள்: எட்ஜ்ஃபீல்டிலிருந்து 1871ல் ஏய்க்கன் மாவட்டமும் 1895ல் சலூடா மாவட்டமும் பிரிந்தன. கிராமம் இன்று சலூடாவில் இருந்தாலும் பழைய பத்திரம் எட்ஜ்ஃபீல்டில் கிடக்கலாம்.

இதையெல்லாம்விட அவசரமானது, குடும்பத்தில் எண்பதைத் தாண்டியவர்களின் பேச்சு. ஆவணக் காப்பகம் அடுத்த வருடமும் இருக்கும். "கொள்ளுத்தாத்தா பெயர் என்ன?" என்று கேட்டால் "தெரியாது" என்பதோடு முடிந்துவிடும். "சர்ச்சுக்கு யார் நிலம் வழியாக நடந்து போவீர்கள்? பிரசவம் பார்த்த அம்மா யார்? பஞ்சு எடுக்க எந்தப் பண்ணைக்குப் போனீர்கள்?" என்று கேளுங்கள், பெயர்கள் தானாக வரும். கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, ஏசியை அணைத்துப் பதிவு செய்யுங்கள். இறுதிச்சடங்குகளில் கொடுத்த அச்சுப் புத்தகங்களையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பைபிளுக்குள் நாலைந்து இருக்கும். பெற்றோர், உடன்பிறந்தோர், சர்ச், வெளியூர் போனவர்கள் என்று அத்தனையும் அதில் இருக்கும். தென் கரோலினாவில் 1915 முதல் உள்ள இறப்புச் சான்றிதழ்களில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரைப் பாருங்கள். தகவல் கொடுத்தவர் யார் என்பதையும் பாருங்கள். மருமகன் சொன்னதற்கும் மகள் சொன்னதற்கும் ஒரே மதிப்பு கிடையாது.

சர்ச் கல்லறையில் புதர் வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். எழுத்தில்லாத காட்டுக்கல், சிப்பி, உடைந்த பீங்கான், வரிசையாக வைத்த யுக்கா செடி எல்லாமே கல்லறை அடையாளங்கள். குப்பை என்று நினைத்து வாரிவிட்டால் அடியில் யார் என்பது நிரந்தரமாகப் போய்விடும். கல்லைத் தண்ணீராலும் மென்மையான தூரிகையாலும் மட்டும் கழுவுங்கள். பிளீச்சும் கம்பித் தூரிகையும் வேண்டாம்.

தோழியின் குடும்ப நிலம் உயில் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வந்ததா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட நிலத்தில் எங்கோ இருக்கும் ஒரு வாரிசின் பங்கை வெளியார் வாங்கி, மொத்தத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர வழக்குப் போட முடியும். 2017 முதல் அமலில் இருக்கும் மாநிலச் சட்டம், விற்பனை கேட்பவரின் பங்கை மற்ற வாரிசுகளே மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்ள முதல் வாய்ப்புத் தருகிறது. ஆனால் வாரிசுகள் யார் யார் என்று காட்டியாக வேண்டும். எனவே நீங்கள் தயாரிக்கும் வம்சாவளியில் ஒவ்வொரு பெயருக்கும் எந்த ஆவணம் ஆதாரம் என்று பக்கத்திலேயே எழுதி, ஒரு பிரதியை அவர்களுடைய வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

அன்புடன்.